கப்பல் நிற்கும் ஊரில் நாமே சுற்றலாம்: முதல் க்ரூஸ் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

க்ரூஸுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் முதலில் விசாரிப்பது கப்பலைப் பற்றித்தான். சாப்பாடு எப்படி, தலை சுற்றுமா, பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது. இதற்கெல்லாம் கப்பல் ஏறிய அன்றே பதில் கிடைத்துவிடும். யாரும் முன்கூட்டி யோசிக்காத விஷயம் வேறு. காலையில் ஒரு ஊரில் நிற்கும் கப்பல் மாலையில் கிளம்பிவிடும். நடுவில் இருக்கும் எட்டு, ஒன்பது மணி நேரத்தை என்ன செய்வது? கப்பல்காரர்கள் விற்கும் டூர் பஸ்ஸில் ஏறுவதா, இறங்கி நாமே சுற்றுவதா?

நாமே சுற்றலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் எல்லாத் துறைமுகத்திலும் அல்ல. கப்பல் ஊருக்குள் நிற்கிறதா, ஊருக்கு வெளியே நிற்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

நம்மில் பலருக்கு முதல் க்ரூஸ் சிங்கப்பூரிலிருந்துதான் அமைகிறது. அதனால் அங்கிருந்து போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் என்று போய்த் திரும்பும் நான்கைந்து இரவுப் பயணத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் மூன்று விதமான துறைமுகங்கள் என்பது இதில் ஒரு வசதி. பினாங்கில் கப்பல் ஊரின் வாசலிலேயே நிற்கும். போர்ட் கிளாங்கில் ஊரைவிட்டு வெகுதூரத்தில் நிற்கும். புக்கெட்டில் பல சமயம் கரைக்கே வராமல் கடலில் நிற்கும். இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் உலகத்தில் எந்த க்ரூஸ் அட்டவணையையும் படித்துவிடலாம்.

பணம் கட்டும் முன்

விளம்பரத்தில் போடும் கட்டணம், ஒரு கேபினில் இருவர் தங்கினால் தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேருக்கான கட்டணத்தை ஒட்டியே கட்ட வேண்டியிருக்கும். துறைமுக வரி தனி. ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை பல நிறுவனங்கள் உங்கள் கணக்கில் தானாகவே ஏற்றிவிடும். குழந்தைக்கும் உண்டு. வைஃபை, குளிர்பானம், மது, தனி உணவகங்கள் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேபின் விஷயத்தில் என் கருத்து: தினமும் ஒரு ஊர் வரும் பயணத்துக்கு ஜன்னல் இல்லாத உள்கேபினே போதும். பகலெல்லாம் வெளியே இருப்பீர்கள், ராத்திரி கடல் இருட்டாகத்தான் இருக்கும். பால்கனிக்குக் கொடுக்கும் வித்தியாசத்தில் மூன்று ஊரிலும் நன்றாகச் சாப்பிடலாம். வாந்தி, மயக்கம் வரும் என்று பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேபின் கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கிற கடல், பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும்.

அட்டவணையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் இருந்தால் உஷாராகுங்கள். 'கோலாலம்பூர் (போர்ட் கிளாங்)' என்றால் கப்பல் கோலாலம்பூரில் நிற்காது. 'பாங்காக் (லேம் சபாங்)' என்றால் பாங்காக் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஐரோப்பாவிலும் இதே கதைதான். 'ரோம்' என்று போட்டிருப்பார்கள், இறக்கிவிடுவது சிவிட்டாவெக்கியாவில், அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போக வேண்டும். அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஊரை வரைபடத்தில் தேடி, கப்பல் எங்கே நிற்கும், நீங்கள் பார்க்க நினைக்கும் இடம் எங்கே என்று அளந்து பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம் இரண்டையும் பாருங்கள். காலை 7 மணியிலிருந்து மாலை 6 வரை என்றால் அருமை. மதியம் 1 மணிக்கு வந்து இரவு 9க்குக் கிளம்பினால் திட்டம் வேறு மாதிரி இருக்க வேண்டும். கோயில் நடை சாத்தியிருக்கும், ஆனால் இரவுக் கடைகள் கிடைக்கும்.

சிங்கப்பூர் வரை போக வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு தகவல். 2023ல் கோர்டீலியா நிறுவனத்தின் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்குப் போகத் தொடங்கியது. வருடம் முழுக்க ஓடுவதில்லை, அந்தந்த சீசனில் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே போனாலும் கீழே சொல்லும் விதிகள் அப்படியே பொருந்தும்.

விசாவும் படிவங்களும்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா தேவை. அது பலமுறை நுழையும் விசாவாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விமானத்தில் வந்து ஒருமுறை நுழைகிறீர்கள், கப்பலில் போய்த் திரும்பி இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஒற்றை நுழைவு விசாவோடு துறைமுகத்துக்குப் போனால் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள்.

மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தன. இந்த விலக்கு காலத்துக்குக் காலம் மாறுகிற சமாச்சாரம். அதனால் பதிவு செய்யும்போது ஒருமுறை, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் ஒருமுறை என இரண்டு தடவை சரிபாருங்கள்.

மூன்று நாடுகளும் இப்போது வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பச் சொல்கின்றன. தாய்லாந்து 2025 மே 1 முதல் இதைக் கொண்டுவந்தது. மூன்றுமே இலவசம். கூகுளில் தேடினால் அரசாங்கத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நின்று 'கட்டணம்' கேட்கும். பணம் கேட்டாலே அது சரியான தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். கப்பலில் வருகிறவர்கள் எதை எப்போது நிரப்ப வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனமே மின்னஞ்சலில் சொல்லும். அதைப் படியுங்கள், நிறைய பேர் அதை விளம்பரம் என்று நினைத்துத் திறப்பதே இல்லை.

பயணக் காப்பீடு எடுக்கும்போது க்ரூஸுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் பில் டாலரில் வரும். கர்ப்பிணிகள் 24 வாரத்தை எட்டிவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்கும் இடமில்லை.

பெட்டியில் எது, கையில் எது

இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் இவற்றை எடுத்துப் போகாதீர்கள். இப்படிச் சூடாகும் சாமான்களைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. தீ என்பது நடுக்கடலில் பெரிய பயம். ஸ்கேனரில் பிடித்து வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். அந்த வரிசையில் நம் ஊர்க்காரர்களை நிறையப் பார்க்கலாம். பொடி, ஊறுகாய், முறுக்கு மாதிரி அடைத்த பொட்டலங்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியச் சாப்பாடு இருக்கும், சோற்றுக்கும் குழம்புக்கும் பஞ்சமில்லை. வெங்காயம், பூண்டு இல்லாமல் வேண்டுமென்றால் முதல் நாள் இரவே உணவகத்தின் தலைமைப் பணியாளரிடம் பேசி வையுங்கள், மறுநாளுக்கு ஏற்பாடு செய்துவிடுவார்.

பெரிய பெட்டியைத் துறைமுக வாசலில் கொடுத்துவிட்டால் அது கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். ஆகவே பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி, பிள்ளைகளின் நீச்சல் உடை இவை கைப்பையில் இருக்கட்டும்.

ஊர் சுற்ற ஒரு சின்னத் தோள்பை தனியாக வேண்டும். அதில் தண்ணீர் பாட்டில், குடை, தோளையும் முழங்காலையும் மூடும் உடை அல்லது ஒரு துப்பட்டா, கொஞ்சம் மலேசிய ரிங்கிட், கொஞ்சம் தாய்லாந்து பாத். கப்பலில் பணம் மாற்றினால் விகிதம் மோசமாக இருக்கும், சிங்கப்பூரிலேயே மாற்றிவிடுங்கள். சர்வதேசப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்ட கார்டு ஒன்று கையில் இருந்தால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏறும் நாள்

சிங்கப்பூருக்கு முதல் நாளே போய்ச் சேருங்கள். காலையில் விமானம், மதியம் கப்பல் என்று திட்டம் போடுவது சூதாட்டம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

சிங்கப்பூரில் க்ரூஸ் முனையங்கள் இரண்டு. மரினா பே முனையத்துக்கு மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். ஹார்பர்ஃபிரண்ட் முனையம் விவோசிட்டி மாலை ஒட்டி, ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தின் மேலேயே இருக்கிறது. உங்கள் டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்ஸி ஏறுங்கள்.

ஏறியதும் முதல் வேலை அபாயப் பயிற்சி. வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்கான கூடுமிடத்துக்குப் போய்க் கப்பலில் தந்த அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வர வேண்டும். பத்து நிமிட வேலை. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது பல பயணிகளுக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பியவுடனோ இதை முடித்துவிட வேண்டும் என்று விதி வந்தது. பஃபே எங்கும் ஓடிவிடாது, இதை முடித்துவிட்டுப் போங்கள்.

கப்பல் நகரத் தொடங்கியதும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்த ரோமிங் பில் உங்கள் டிக்கெட் விலையோடு போட்டி போடும். பினாங்கு, புக்கெட் வரைபடங்களை சிங்கப்பூரிலேயே ஆஃப்லைனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

கப்பல் நேரம்

ஊரில் தனியாகச் சுற்றப் போகிறவர் மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம் இது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட் நெருங்கும்போது உங்கள் போன் தாய்லாந்து நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். '5 மணிக்குள் திரும்ப வேண்டும்' என்று அறிவிக்கிறார்கள். நீங்கள் படோங் கடற்கரையில் இளநீர் குடித்தபடி போனைப் பார்க்கிறீர்கள், 4:15 காட்டுகிறது, இன்னும் முக்கால் மணி இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். கப்பலில் அப்போது 5:15.

இதற்குப் பழைய வைத்தியம்தான் சிறந்தது. கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டுங்கள். அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிட்டு, கப்பல் அறிவித்தால் ஒழியத் தொடாதீர்கள். முந்தைய இரவு கேபினுக்கு வரும் தினசரித் தாளில் அல்லது கப்பலின் ஆப்பில் மறுநாள் நேரம் மாறுகிறதா, எத்தனை மணிக்குள் ஏற வேண்டும் என்பது இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளிலேயே, அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைப் பார்க்கும் துறைமுக ஏஜென்ட்டின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும், அதுவும் படத்தில் விழ வேண்டும்.

இன்னொன்று. அட்டவணையில் இருக்கும் '6 மணி' என்பது கப்பல் கிளம்பும் நேரம். ஏறி முடிக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் நிற்பதுபோல் திட்டம் போடுங்கள்.

கடைசி நேரத்தில் ஓடிவருகிறவர்களைப் பார்ப்பதற்கென்றே மேல்தளத்தில் ஒரு கூட்டம் நிற்கும். இரண்டு கையிலும் ஷாப்பிங் பையோடு, செருப்பு கழன்று விழ, கப்பல்துறை மேடையில் ஒரு ஜோடி ஓடி வரும். மேலே இருந்து கைதட்டல், விசில். சிலர் போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படத்தில் நீங்கள் வர வேண்டாம்.

பினாங்கு: டூர் எடுக்கவே எடுக்காதீர்கள்

கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர், ஜார்ஜ்டவுன் நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் டாக்ஸிக்காரர்கள், டூர்காரர்கள், ரிக்‌ஷாக்காரர்கள் பலகை பிடித்துக்கொண்டு சூழ்ந்துகொள்வார்கள். சிரித்தபடி 'வேண்டாங்க' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். தமிழிலேயே சொல்லலாம், சிலருக்குப் புரியும்.

முதலில் கண்ணில் படுவது விக்டோரியா ராணியின் மணிக்கூண்டு. அவர் பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததற்காக 1897ல் எழுப்பத் தொடங்கியது, ஆண்டுக்கு ஒரு அடி வீதம் 60 அடி உயரம். இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டால் லேசாகச் சாய்ந்திருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். அதை அடுத்து பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786ல் கரையிறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. வெளியிலிருந்து பார்த்தால் போதும், உள்ளே போவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அங்கிருந்து 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குப் போய், தெற்கே இறங்கும் பெரிய தெருவைப் பிடியுங்கள். பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட், இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். இதில் நடந்தாலே ஊரின் வரலாறு வரிசையாக வரும். சீனர்களின் குவான் யின் கோயிலில் தாம்புக் கயிறு தடிமனில் ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருக்கும், கண் எரியும். அதைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் லிட்டில் இந்தியா. குயின் ஸ்ட்ரீட்டில் 1833ல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். பக்கத்துத் தெருக்களில் பூக்கட்டும் கடை, பாத்திரக் கடை, ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு. மறுபடி பெரிய தெருவுக்கு வந்தால் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் மொய்தீன் பெயரோடு சேர்ந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பார்வையாளர்களுக்கு மேலங்கி கொடுத்து உள்ளே விடுவார்கள். தொழுகை நேரத்திலும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும் போகாதீர்கள்.

இன்னும் கொஞ்சம் தெற்கே கூ கோங்சி என்ற சீனக் குலக்கோயில். நுழைவுக் கட்டணம் உண்டு. கூரையில் இருக்கும் செதுக்கு வேலைக்காகவே கொடுக்கலாம். பக்கத்திலேயே ஆர்மீனியன் ஸ்ட்ரீட். 2012ல் லிதுவேனியக் கலைஞர் எர்னெஸ்ட் ஸகரேவிச் அந்தப் பகுதிச் சுவர்களில் வரைந்த ஓவியங்களில் ஒன்று, நிஜ சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் இரண்டு குழந்தைகள். அதன் முன் போட்டோ எடுக்க வரிசை நிற்கும். காலை 9 மணிக்குள் போனால் வரிசை இல்லை. அங்கிருந்து கடலை நோக்கி நடந்தால் சியூ ஜெட்டி, கடலுக்குள் மரக்கால்கள் நட்டு அதன்மேல் கட்டிய வீடுகள். அவற்றில் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. கதவு திறந்திருக்கிறதே என்று கேமராவை உள்ளே நீட்டாதீர்கள்.

ஜெட்டியிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்தால் கப்பலுக்கே வந்துவிடுவீர்கள். நின்று நிதானமாக, சாப்பிட்டு நடந்தால் இந்தச் சுற்றுக்கு நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். கால் வலிப்பவர்களுக்கு நகர மையத்தைச் சுற்றி ஓடும் இலவச பஸ் இருக்கிறது, சி.ஏ.டி. என்று எழுதியிருக்கும். ரிக்‌ஷா வேண்டுமானால் ஏறும் முன்பே மணிக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குத் தந்த சாப்பாடு. தட்டில் சோறு போட்டு, நாம் கைகாட்டும் கறியையோ மீனையோ வைத்து, நான்கைந்து குழம்புகளை மேலேயே கலந்து ஊற்றுவார்கள். 'பாஞ்சிர்' என்று சொன்னால் சோறு குழம்பில் மிதக்கும். மீனுக்கும் இறாலுக்கும் விலை ஏறும், கைகாட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும்.

பினாங்கு மலைக்குப் போகலாமா? 1923ல் ஓடத் தொடங்கிய மலை ரயில் இருக்கிறது, மேலே குளிர்ந்த காற்று. ஆனால் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். வார நாளாக இருந்து, காலையில் சீக்கிரம் இறங்கினால் ஆப்பில் கூப்பிடும் கிராப் டாக்ஸி பிடித்து முதலில் மலைக்குப் போய்விட்டு, மதியத்துக்குமேல் ஊரைப் பாருங்கள். தூரமான இடம் முதலில், கப்பலுக்குப் பக்கத்தில் இருப்பது கடைசியில். இந்த வரிசையை எந்தத் துறைமுகத்திலும் மாற்றாதீர்கள். முருக பக்தர்களுக்கு மலைக்குப் பதில் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில், 513 படிகள். வெயில் ஏறும் முன் ஏறிவிட வேண்டும். தைப்பூச நாளில் கப்பல் வந்தால் அந்தப் பக்கம் கார் போகாது. சீனப் புத்தாண்டை ஒட்டி வந்தால் ஜார்ஜ்டவுனில் பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

போர்ட் கிளாங்: இங்கே யோசிக்க வேண்டும்

க்ரூஸ் முனையம் இருப்பது புலாவ் இண்டா தீவில். வெளியே வந்தால் நடந்துபோக எதுவும் கிடையாது. கோலாலம்பூர் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், சாலை நெரிசலில் இன்னும் கூடும். போகவும் வரவும் மூன்று மணி நேரம் காரிலேயே போய்விடுகிறது. இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும் ஒரே நாளில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கப்பலின் டூரையே எடுங்கள். காசு கூடத்தான், ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் பிடித்த டாக்ஸி தாமதமானால் காத்திருக்காது. அந்தக் கூடுதல் காசு இதற்குத்தான்.

நான்கு பேர் இருந்தால் டாக்ஸி பேசி கிளாங் நகரத்துக்கு மட்டும் போய் வருவது நல்ல நடுவழி. ஜாலான் தெங்கு கெலானாவில் உள்ள லிட்டில் இந்தியா மலேசியாவின் பெரிய தமிழ்க் கடைவீதிகளில் ஒன்று. ஆனால் திரும்பி வரும் வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும், அதே டிரைவரிடமே பேசி வையுங்கள். அதுவும் வேண்டாமா? கப்பலிலேயே இருங்கள். எல்லாரும் இறங்கிய நாளில் நீச்சல் குளம் உங்களுக்கே சொந்தம். துறைமுகம் வந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

புக்கெட்: கரைக்கு வராத கப்பல்

பல கப்பல்கள் படோங் வளைகுடாவில் நங்கூரம் போட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்பும். சில கப்பல்கள் தெற்கே ஆவ் மகாம் துறைமுகத்தில் நிற்கும். அட்டவணையில் 'டெண்டர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெண்டரில் இறங்க முதலில் டோக்கன் வாங்க வேண்டும். கப்பலின் டூர் எடுத்தவர்களை முதலில் அனுப்புவார்கள், மற்றவர்கள் எண் கூப்பிடும்வரை உட்கார வேண்டும். எட்டு மணிக்கு வந்த கப்பலிலிருந்து நீங்கள் கரையில் கால்வைக்கப் பத்து ஆகலாம். திரும்பும்போதும் வெயிலில் வரிசை இருக்கும், அதனால் கடைசிப் படகை நம்பாமல் அதற்கு ஒன்றிரண்டு படகு முன்னாலேயே வந்துவிடுங்கள். படகு அலையில் ஏறி இறங்கும்போது கால் தூக்கி வைக்க வேண்டும், மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இது சிரமம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் இறக்கவே மாட்டார்கள். ஆகவே புக்கெட்டுக்கு முன்பணம் கட்டும் தனியார் டூர் எதுவாக இருந்தாலும், 'கப்பல் வராவிட்டால் பணம் திருப்பித் தருவீர்களா' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்தபின் இரண்டே வழிதான் சொல்வேன். ஒன்று, படோங் கடற்கரையிலேயே இருந்துவிடுவது. சிவப்புக் கொடி நட்டிருந்தால் கடலில் இறங்காதீர்கள், பருவக்காற்று மாதங்களில் கீழ்நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். ஜெட் ஸ்கி வாடகைக்கு எடுத்தால் திருப்பிக் கொடுக்கும்போது 'கீறல் விழுந்துவிட்டது' என்று பெரிய தொகை கேட்கும் தகராறு அங்கே பழைய கதை. ஆசைப்பட்டால் முன்பே சுற்றிலும் வீடியோ எடுத்துவிடுங்கள், எடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, புக்கெட் பழைய நகரம். தலாங் சாலையும் சோய் ரொமானி சந்தும், ஈயச் சுரங்கத்தில் பணம் பார்த்த சீன வணிகர்கள் கட்டிய வண்ண வண்ண வீடுகளும் கடைகளும். தூரம் பார்த்தால் கொஞ்சம்தான், ஆனால் நடுவே மலைச்சாலை, போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம்கூட ஆகும். கரையில் நிற்கும் டாக்ஸிகள் சொல்லும் விலை கூடுதல், கிராப் ஆப்பில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். ஃபீஃபீ தீவு, பாங்ஙா விரிகுடா இரண்டையும் தனியாக முயலாதீர்கள். படகுப் பயணம் நீளமானது, திரும்பும் நேரம் உங்கள் கையில் இல்லை.

படோங் தெருக்களில் கஞ்சா மிட்டாய் விற்கும் கடைகளைப் பார்க்கலாம். வேடிக்கைக்குக்கூட ஒன்றை வாங்கிப் பையில் போடாதீர்கள். நீங்கள் திரும்பப் போவது சிங்கப்பூருக்கு, போதைப்பொருள் சட்டத்தில் அவர்கள் ஈவிரக்கம் காட்டுவதில்லை. இ-சிகரெட்டும் இந்தப் பாதையில் ஆபத்து, சிங்கப்பூர், தாய்லாந்து இரண்டிலும் தடை. சூயிங்கம்கூட சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது. அதேபோலக் கப்பல் பஃபேயிலிருந்து வாழைப்பழம், சாண்ட்விச் என்று பையில் போட்டுக்கொண்டு எந்த ஊரிலும் இறங்காதீர்கள். பழம், சமைத்த உணவு கரைக்குப் போகக் கூடாது, அடைத்த பிஸ்கட் பாக்கெட் மட்டும் பரவாயில்லை.

கப்பல் போய்விட்டால்

நடக்கக் கூடாதுதான், ஆனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தாமதமாகும் என்று தெரிந்த உடனேயே துறைமுக ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள். பத்து நிமிட விஷயம் என்றால் சில நேரம் கேப்டன் பொறுப்பார், அதை நம்பி இருக்காதீர்கள். கப்பல் கிளம்பியே விட்டால், அடுத்த துறைமுகத்துக்கோ சிங்கப்பூருக்கோ உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படி இல்லையென்றால் கையோடு எடுத்துப் போவதா, கேபின் பெட்டகத்தில் வைப்பதா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள், துறைமுகத்துக்குத் துறைமுகம் விதி மாறும். எப்படியிருந்தாலும் பாஸ்போர்ட், விசா இரண்டின் படமும் போனிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். கப்பல் அட்டையைக் கழுத்தில் மாட்டுங்கள், அது இல்லாமல் துறைமுக வாசலையே தாண்ட முடியாது.

கடைசி இரவு

கேபினில் வண்ணச் சீட்டுகள் வைத்திருப்பார்கள். அதைப் பெட்டியில் கட்டி, தாளில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள், பெரும்பாலும் இரவு 10, 11 மணிக்குள், கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் முனையத்தில் அதே வண்ணப் பலகையின் கீழ் பெட்டி கிடக்கும். மறுநாள் போட வேண்டிய துணியையும் செருப்பையும் எடுத்து வைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். ராத்திரி உடையோடு இமிக்ரேஷன் வரிசையில் நிற்பவர் ஒருவராவது எல்லாப் பயணத்திலும் இருப்பார். பெட்டி சின்னது, நாமே இழுத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்றால் இந்தச் சடங்கே வேண்டாம், முதல் ஆட்களாக இறங்கலாம்.

படுக்கும் முன் ஆப்பிலோ டிவியிலோ உங்கள் கணக்கைத் திறந்து வரி வரியாகப் பாருங்கள். குடிக்காத ஜூஸுக்குப் பணம் ஏறியிருந்தால் அன்று இரவே வரவேற்பு மேசையில் சொல்லிக் கழித்துக்கொள்ளலாம். காலையில் அங்கே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஜூஸே பரவாயில்லை என்று தோன்றிவிடும். சிங்கப்பூர் வருகைப் படிவத்தை இரண்டாவது முறைக்கும் நிரப்ப வேண்டும், முதல்முறை விமானத்துக்கு நிரப்பியது இதற்கு ஆகாது. ஊர் திரும்பும் விமானத்தை மதியம் 1 மணிக்குப் பிறகு இருப்பதாகப் போடுங்கள். கப்பல் காலை 7 மணிக்கே கட்டிவிட்டாலும், மூவாயிரம் நாலாயிரம் பேர் இறங்கி இமிக்ரேஷன் தாண்ட வேண்டுமே.